புதையல் யார் கணக்கில்?

ஒரு கதையின் உள்ளக்கிடக்கையை அறிய விரும்புவோர் அதன் தொடக்கத்து வருணனைகளில் மயங்காது, இறுதியிலே யாருக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கைப் பார்த்தல் வேண்டும். காவியமாயினும் நாவலாயினும் பாட்டி சொல்லும் கதையாயினும் இந்த அளவுகோல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. உழைத்தவன் யார், இன்னல் உற்றவன் யார், ஈற்றிலே பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றவன் யார் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்டுவிட்டால், ஆசிரியன் கூறியதும் கூறாமல் விட்டதும் ஒருங்கே புலப்பட்டுவிடும்.

இங்கே நாம் ஆராய எடுத்துக்கொள்ளும் ஆக்கம் காவியமுமன்று, நாவலுமன்று. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டு. பெயர் ‘பைரேட் அட்வெஞ்சர்’. கடற்கொள்ளைக்காரனின் சாகசம் என்று தமிழிற் கூறலாம். ஆக்கியோர் ஸ்கொட் அடம்ஸ், அலெக்சிஸ் அடம்ஸ் என்னும் இருவர். அதிலே படமில்லை, இசையில்லை, ஓடித் திரியும் உருவங்களில்லை. திரையிலே எழுத்துக்கள் தோன்றும். விளையாடுபவரும் எழுத்துக்களாலேயே விடை கூறவேண்டும். ஒரு தீவுக்குச் சென்று புதையல் தேடி எடுத்து வருவதே அதன் கதை.

தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பும் பசியும் ஆயிரம் பிரச்சினைகளை நம்முன் நிறுத்தியிருக்கையில், நாற்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு பொழுதுபோக்கைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விடையும் உண்டு. முதலாவது, அவ்விளையாட்டு முற்றிலும் சொற்களால் ஆனது. சொற்களால் ஆன எதுவும் இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்கு உட்பட்டதே. இரண்டாவது, நம் மாணவர் இன்று கைத்தொலைபேசியில் ஆடும் விளையாட்டுக்கள் பலவற்றின் எலும்புக்கூடு இதுதான். போ, தேடு, எடு, சேர், புள்ளி பெறு என்பதே அவற்றின் சாரம். புதிய விளையாட்டுக்களிலே அந்த எலும்பை வண்ணமும் ஒலியும் மூடியிருக்கின்றன. பழையதிலோ அது கண்ணுக்கு நேரே தெரிகிறது. உடற்கூறு கற்போர் எலும்புக்கூட்டிலிருந்து தொடங்குவதுபோல நாமும் தொடங்கலாம்.

இவ்வகை எழுத்து விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகைத் தொகுதியை நேரில் ஆராய்ந்தவரான வில் குரௌதர் என்னும் கணினி வல்லுநர், 1976ஆம் ஆண்டளவில் அக்குகையை அடிப்படையாகக் கொண்டு ஒரு விளையாட்டை எழுதினார். 1977இல் டொன் வூட்ஸ் என்பார் அதனை விரித்தார். பல்கலைக்கழகங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் இருந்த பெருங்கணினிகளிலேயே அது இயங்கியது. அதனைக் கண்டு கவரப்பட்ட ஸ்கொட் அடம்ஸ், வீட்டு மேசையில் வைக்கத்தக்க டீ.ஆர்.எஸ்.-80 என்னும் சிறு கணினிக்கென ‘அட்வெஞ்சர்லேண்ட்’ என்ற விளையாட்டை 1978இல் ஆக்கினார். அதற்கு அடுத்ததே நமது கொள்ளைக்காரன் கதை. அச்சிறு கணினியின் நினைவகம் 16 கிலோபைட். நீங்கள் இப்போது வாசிக்கும் இக்கட்டுரையைத் தமிழெழுத்தில் இன்றைய முறைப்படி சேமிக்க முயன்றால், அந்த இடம் பாதிக் கட்டுரைக்கும் போதாது.

கதை இலண்டன் நகரில் ஒரு குடியிருப்பில் தொடங்குகிறது. அங்குள்ள புத்தகமொன்றில் மந்திரச்சொல் ஒன்று மறைந்திருக்கிறது. அச்சொல்லின் துணையால் கொள்ளைக்காரர் தீவை அடைகிறோம். அங்கே குடியில் நாட்டமுள்ள கொள்ளைக்காரன் ஒருவன் இருக்கிறான். கிளி ஒன்று இருக்கிறது. பசியெடுத்த முதலைகள் இருக்கின்றன. கொள்ளைக்காரனுக்கு றம் போத்தலைக் கொடுக்கவேண்டும். முதலைகளை மீனால் சமாளிக்கவேண்டும். கப்பலின் திட்டப்படம், பலகை, ஆணி, சுத்தியல், பாய், நங்கூரம் என ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துக் கப்பல் கட்டவேண்டும். கடல்நீர் ஏறும்வரை காத்திருந்து புதையல் தீவுக்குச் சென்று மண்ணைத் தோண்டவேண்டும். எல்லாமாக இரண்டே புதையல்கள். ஒன்றை உரிய இடத்திற் சேர்த்தால் 100க்கு 50. இரண்டையும் சேர்த்தால் 100.

ஆடும் முறையும் எளிது. “நான் கடற்கரையில் நிற்கிறேன்” என்பதுபோல இயந்திரம் தன்மை இடத்திலே பேசி, என்ன செய்யட்டும் என்று கேட்கும். நாம் இரண்டு சொல்லில் கட்டளையிடவேண்டும்: வினை ஒன்று, பெயர் ஒன்று. அதற்குமேற் கூறினால் அதற்கு விளங்காது.

இதன் சிறப்புக்களை முதலிற் கூறுதல் முறை. சொற்சிக்கனம் அவற்றுள் ஒன்று. இடவருணனை ஒரு வரியைத் தாண்டுவதில்லை. மணலையும் காற்றையும் உப்பு வாடையையும் வாசகரே கொண்டுவந்து சேர்க்கவேண்டும். எங்கள் மாணவர் பலர் கடலைக் கண்டவரல்லர். ஆகவே வகுப்பிலே ஒவ்வொருவரும் கண்ட கடல் வெவ்வேறாக இருந்தது. ஒருவனுக்கு அது காசல்ரீ நீர்த்தேக்கம். காரணகாரியத் தொடர்பை மாணவருக்கு உணர்த்துவது மற்றொன்று. கருவியின்றித் தோண்டமுடியாது, நீர் ஏறாமல் கப்பல் நகராது. எல்லாவற்றினும் மேலாகப் போற்றத்தக்கது, இவ்விளையாட்டின் முழு நிரலும் 1980 டிசம்பரில் ‘பைட்’ என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் அச்சிடப்பட்டமை. பேசிக் மொழியில் எழுதப்பட்ட அதனை எவரும் படிக்கலாம், தம் கணினியில் வரிக்குவரி தட்டி இயக்கலாம், மாற்றியும் பார்க்கலாம். தொழில் நுணுக்கத்தைப் பூட்டிவைக்கும் உலகில் இது சிறிய செயலன்று.

எங்கள் பாடசாலையின் பழைய கணினி ஒன்றில், தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் நண்பர் இவ்விளையாட்டைப் பத்தாந்தர மாணவருக்கு இயக்கிக் காட்டினார். திரையில் வரும் ஆங்கில வரியை ஒருவர் வாசிக்க, நான் அதைக் கரும்பலகையில் தமிழில் எழுத, மாணவர் கூடி யோசித்துக் கட்டளையைத் தமிழிற் கூற, நண்பர் அதனை ஆங்கிலத்தில் தட்டினார். தோண்டுதல் அப்பிள்ளைகளுக்குப் புனைகதையன்று. இப்பள்ளத்தாக்கின் மண்ணில் மாணிக்கக் கற்கள் உண்டு. கெஹெல்கமு ஓயாவின் கரையிலே களவாகக் குழி தோண்டுவோர் பிடிபட்ட செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே வகுப்பு உற்சாகமாகவே தொடங்கியது. புத்தகத்தை எடுக்கவேண்டிய கட்டம் வந்தது. நான் கரும்பலகையில் “புத்தகத்தை” என்று எழுதி முடிப்பதற்குள் ஒரு மாணவி எழுந்தாள்.

“எடுன்னு எழுதுறதா, எடுங்கன்னு எழுதுறதா, சேர்?”

ஆங்கிலத்தில் இக்கேள்வி எழாது. அங்கே ஏவல் வினைக்கு ஒரே வடிவந்தான். தமிழில் அவ்வாறன்று. நன்னூலார் வினைப்பகுதிகளுக்கு வாய்பாடு வகுக்கையில் நட, வா என்று தொடங்கி ஏவல் வடிவங்களையே எடுத்துக்காட்டினார். அஃதாவது வினையின் வேரே நமது இலக்கணத்தில் கட்டளையாகவும் நிற்கிறது. அதன்மேல் ஒரு விகுதி ஏறும்போதே மரியாதை பிறக்கிறது. அந்த விகுதியை யாருக்குச் சேர்ப்பது, யாருக்குச் சேர்க்காமல் விடுவது என்பதை இலக்கண நூல் தீர்ப்பதில்லை, சமுதாயம் தீர்க்கிறது.

வகுப்பு இரு கட்சியாகப் பிரிந்தது. “மெசின்தானே சேர், எடுன்னாலே போதும்” என்றான் ஒரு மாணவன். அவள் விடவில்லை. “மெசின்னா ‘நான் நிக்கிறேன், என்ன செய்யட்டும்’னு கேக்குமா? அந்த ‘நான்’ யாரு சேர்?”

அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். தன் மகன் வயதுடைய மேற்பார்வையாளர்களிடமிருந்து வா, போ, எடு என்ற வடிவங்களையே நாள்தோறும் கேட்பவர். அதனை அவள் கூறவில்லை. கூறவேண்டிய தேவை அவ்வகுப்பில் இருக்கவுமில்லை.

அந்த ‘நான்’ யார்? இவ்வாக்கத்தின் உட்கதவைத் திறக்கும் வினா இதுவே. இத்தீவிலே தொழிலாளி இல்லை, அவனை ஆசிரியர்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன். என் கணிப்புத் தவறு. தொழிலாளி தொடக்கமுதல் இறுதிவரை நம்முடனேயே இருக்கிறான். சுமப்பவன் அவன், தோண்டுபவன் அவன், முதலையின் முன் நிற்பவன் அவன், கட்டளை பிழைத்தால் சாபவனும் அவனே. ஆடுபவர் நாற்காலியில் இருந்தபடி இரண்டு சொல் தட்டுகிறார், புள்ளி அவருடையதாகிறது. ‘நான்’ என்று பேசுபவனுக்குப் பெயரில்லை, முகமில்லை, கூலியில்லை. முதலைகளுக்குப் பசி உண்டு, அவனுக்கு அதுவுமில்லை. இது விளங்கவில்லை என்று அவன் சொல்வதுண்டு. என்னால் முடியாது என்றும் சொல்வதுண்டு. செய்யமாட்டேன் என்று நாங்கள் ஆடிய அளவில் ஒருதரமேனும் சொன்னதில்லை. ‘முடியாது’ என்பதற்கும் ‘மாட்டேன்’ என்பதற்கும் இடையே உள்ள தூரம் அடிமைக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தூரமாகும்.

கப்பல் கட்டும் கட்டத்தை நோக்குக. பொருள்களைச் சேர்த்தபின் ‘கப்பலைக் கட்டு’ என்று இரண்டு சொல் தட்டினால் கப்பல் எழுந்து நிற்கிறது. மரம் இழைத்தவன் கையிலேறிய சிராய் இல்லை. கழிந்த நாட்கள் இல்லை. நினைவகம் சிறியது, வேறென்ன செய்வது என்று கேட்பீராயின் அது உண்மையே. ஆனால் நினைவகம் தாராளமாக இருந்த ஏடுகளும் இதையே செய்தன. இம்மலைச்சரிவுகளைப் பற்றிய பழைய தோட்ட வரலாறுகளைப் படித்தால், இன்ன துரை இன்ன ஆண்டில் இத்தோட்டத்தைத் திறந்தார் என்று காணப்படும். ஒரே எழுவாய், ஒரே பயனிலை. காடு வெட்டியவர், கல் புரட்டியவர், கன்று நட்டவர் எல்லோரும் அந்தப் பயனிலைக்குள் மறைந்துபோயினர். விளையாட்டின் இருசொல் இலக்கணம் கணினியோடு பிறந்ததன்று.

கதையும் அவ்வாறே பழையது. ரொபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ 1881–82இல் சிறுவர் இதழொன்றில் தொடராக வந்து, 1883இல் நூலாயிற்று. ஒற்றைக்கால் சில்வரும் அவன் தோட்கிளியும் அதில் வருபவர்களே. விளையாட்டில் தேடப்படும் செல்வமும் அச்சில்வருடையதாகவே கூறப்படுகிறது. நாவலின் தீவுக்கும் குடிகள் இல்லை. மூன்றாண்டுகள் தனித்துக் கைவிடப்பட்ட பென் கன் என்பவன் மட்டும் இருக்கிறான். புதையலைத் தோண்டியெடுத்துத் தன் முதுகிற் சுமந்து குகையிற் சேர்த்தவன் அவனே. ஏழு இலட்சம் பவுண் என்று சொல்லப்படும் செல்வத்தில் அவன் பங்கு ஆயிரம் பவுண். அதனையும் பத்தொன்பது நாளில் தொலைத்துவிட்டான் என்று கதை நகைக்கிறது. சுமந்தவன் எழுநூற்றில் ஒரு கூறு பெற்று ஊதாரி என்று பெயரெடுக்கிறான். சுமக்காதவர் மிகுதியைப் பெற்றுக் கனவான்களாகவே இருக்கின்றனர். ‘இவர்களுக்குக் கூலியை உயர்த்தினால் குடித்தே அழிப்பார்கள்’ என்று நம் காதுபடக் கூறுவோர் அந்நாவலைப் படித்தவரல்லர். ஆயினும் அதே பள்ளியிற் பயின்றவர்.

விளையாட்டின் மற்றொரு விதி இதனினும் கூரியது. புதையலைக் கண்டால் புள்ளியில்லை. தோண்டியெடுத்தாலும் இல்லை. கையிற் சுமந்து நின்றாலும் இல்லை. கதை தொடங்கிய அந்த இலண்டன் குடியிருப்புக்குக் கொண்டுவந்து தரையில் வைத்தால்தான் அது கணக்கில் ஏறும். தீவில் இருக்கும்வரை அது வெறும் பொருள்; இலண்டனில் இறக்கிவைத்த கணத்திலேயே செல்வமாகிறது.

இவ்விதியைக் கரும்பலகையில் எழுதியபோது எங்கள் தீவின் கணக்கு என் நினைவுக்கு வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். 1873இல் இலங்கைத் தேயிலை 23 இறாத்தல் இலண்டனுக்குச் சென்று விலையாயிற்று. ஸ்டீவன்சனின் கதை நூலான அதே 1883இல் கொழும்பிலும் தேயிலை ஏலம் தொடங்கியது. ஆயினும் தோட்டங்கள் பல பிரித்தானியக் கம்பெனிகளின் உடைமையாக இருந்தமையால், ஆதாயத்தின் கணக்கு நெடுங்காலம் இலண்டனிலேயே எழுதப்பட்டது.

தீவிலே புதையல் உண்டு என்ற கதையை நம் மூதாதையருக்கும் ஒருவர் சொன்னார். ஆள் கட்ட வந்த கங்காணி சொன்ன கதை அது. தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்றார் என்பது மலையகத்து வாய்மொழியில் தலைமுறை தலைமுறையாக நிலவும் செய்தி. இலண்டன் சிறுவனுக்குப் புதையல் என்றால் பொற்காசு. பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த தமிழகத்துக் கிராமத்தானுக்குப் புதையல் என்றால் குழம்புக்குத் தேங்காய். எவ்வளவு சிறிய ஆசை! அதனையும் தீவு நிறைவேற்றவில்லை. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமென வந்தோரில், மன்னாரிலிருந்து மலைக்கு நடந்த காட்டுவழியிலேயே நோயுற்று மாண்டோர் பலர். வந்து சேர்ந்தவர் தூரைக் கிண்டிக் கண்டது கடன். தோட்டம் மாற நினைத்தவனுக்குக் கடன்தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டியிருந்தது. அத்தொகையைக் கட்டிய தோட்டம் அவனைப் பெற்றுக்கொண்டது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அம்முறை நிலைத்தது. விளையாட்டிலே கையிருப்பு என்ன என்று கேட்டால் ‘நான்’ என்பவன் தன்னிடமுள்ள பொருள்களைப் பட்டியலிடுவான். தோட்டத்துக் கணக்கிலோ ‘நான்’ என்பவனே கையிருப்புப் பட்டியலில் ஓர் உருப்படி.

பொகவந்தலாவையைத் தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு என்பர். இங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தின் மயானத்தில், 1879இல் இலங்கையிற் காலமான ஜூலியா மார்கரட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தோட்டங்களுக்கு உடைமையாளரான கணவரோடு இத்தீவுக்கு வந்த அவர், உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த டெனிசனையும் டார்வினையும் பெயரால் அறிகிறோம். இலங்கையில் அவர் படமெடுத்த உழைக்கும் மக்கள் பலரின் பெயர் படத்தோடு நமக்கு வந்து சேரவில்லை. அப்படங்களில் முகம் உண்டு, பெயரில்லை. நூறாண்டு கழித்து வந்த விளையாட்டில் குரல் உண்டு, பெயரில்லை. கலையின் கருவிகள் மாறியிருக்கின்றன.

காலமும் மாறியிருக்கிறதே என்பார் உளர். மாறியிருக்கிறது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1998இல் இலண்டன் தேயிலை ஏலமே நின்றுபோயிற்று. ஆயினும் நாட்கூலி ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை, பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே 2021இல் வர்த்தமானியில் ஏறியது. மலையிலே ஒருத்தி நாள் முழுதும் நின்றாலும், கொழுந்தின் நிறை குறைந்தால் அவளுக்கு அரைப்பேர்தான். புதையலை இறக்கும் வீடு மாறியது. இறக்கிய பின்னரே கணக்கு, இறக்கியவருக்கு அன்று கணக்கு என்ற விதி மாறவில்லை.

அடம்ஸ் இருவரும் ஏகாதிபத்தியத்தின் ஏவலாளர் என்று நான் கூறவரவில்லை. அவர்கள் நல்ல கைவினைஞர். சிறுவரை மகிழ்விக்க எண்ணியவர். இலண்டனில் தொடங்கி இலண்டனில் முடித்தமை அவர்களுக்கு வெகு இயல்பாகத் தோன்றியிருக்கும். நமது அக்கறைக்குரியது அந்த ‘இயல்பாக’ என்பதே. தீய எண்ணத்தோடு எழுதப்பட்டதை எளிதிற் கண்டுகொள்ளலாம். எண்ணமின்றி எழுதப்பட்டதிலேதான் ஒரு சமுதாயத்தின் பழக்கப்பட்ட கணக்கு முழுமையாகப் பதிந்துகிடக்கிறது.

முற்போக்குக் கருத்துடைய நண்பர் ஒருவர், அப்படியாயின் அதனை வகுப்புக்குள் விடாதீர்கள் என்றார். எனக்கு உடன்பாடில்லை. முதற்புதையலை இலண்டனில் இறக்கிப் புள்ளி 50 என்று திரை காட்டியபோது வகுப்பு முழுதும் கைதட்டியது. ‘நான்’ யார் என்று கேட்ட மாணவியும் கைதட்டினாள். உண்மையைச் சொன்னால் நானும் மகிழ்ந்தேன். அந்தக் கைதட்டலைத் தடைசெய்வதால் பயனில்லை. தன் தாயின் இடத்தில் இருப்பவனை ஏவியதற்காக ஒரு பிள்ளை ஏன் கைதட்டுகிறது என்று அப்பிள்ளையோடு சேர்ந்து கேட்பதே ஆசிரியன் தொழில். புறக்கணிப்பு விமர்சனமாகாது.

புதையல் தீவு பற்றிய கதை நம் இலக்கியத்தில் இல்லையா என்று அடுத்த நாள் மாணவரைக் கேட்டேன். இருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை எடுத்துக்கொள்க. ஆபுத்திரனிடம் வற்றாத அமுதசுரபி இருந்தது. பஞ்சத்தால் வாடிய சாவக நாட்டு மக்களுக்கு உணவிடக் கப்பலேறினான். காற்றுக்கு ஒதுங்கி மணிபல்லவத் தீவில் நின்ற கப்பல், இறங்கிய அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. பென் கன்னைப் போலவே அவனும் தனித்தீவிற் கைவிடப்பட்டவன். ஆனால் அவன் கையிலோ அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அவன் உண்ணவில்லை. பிறர் பசி தீர்க்கவேண்டிய பாத்திரத்தைத் தனக்கென வைத்துத் தன்னுயிர் மட்டும் காக்க மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். ஆளில்லாத தீவிலே புதையல் பொருளற்றது என்பது அக்கதையின் பொருளியல்.

பின்னர் மணிமேகலை அத்தீவில் அப்பாத்திரத்தைப் பெறுகிறாள். அவளும் புதையலோடு புறப்பட்ட நகருக்கே மீள்கிறாள்; இந்த அளவில் இரு கதைகளும் ஒன்றே. வேறுபாடு இறக்கிவைக்கும் இடத்தில் இருக்கிறது. ஆதிரையின் கையால் முதற்பிச்சை ஏற்றபின், அவள் அப்பாத்திரத்தோடு பசித்தவரிடம் செல்கிறாள். தீராப் பசியுற்ற காயசண்டிகையின் நோய் தீர்கிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. அங்கே பசி முதலைக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது. புள்ளி கூடுவது புதையல் வீட்டில் இருக்கும்போதன்று, கைமாறும்போது. சாத்தனார் சமயப் பற்றோடு பாடியவர். வினைப்பயன் பற்றிய அவர் கருத்துக்கள் அனைத்தையும் இன்று நாம் ஏற்கவேண்டுவதில்லை. அரசன் அருளால் சிறை அறமாகும் என்று நாம் காத்திருக்கவும் இயலாது. ஆயினும் புதையலை எங்கே இறக்குவது என்ற வினாவைத் தமிழ்க் காவியமொன்று அன்றே கேட்டுவிட்டது.

இப்போது மாணவர் தாங்களே ஒரு விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கணினி எப்போதும் கிடைப்பதில்லை. ஆகவே அட்டைத் துண்டுகளில் எழுதுகிறார்கள். ஒருவர் ‘நான்’ ஆக நின்று அட்டையை வாசிக்க, மற்றவர் கட்டளையிடுகிறார். இடம் எங்கள் பள்ளத்தாக்கே: லயம், பிரட்டுக்களம், மலை, கொழுந்து மடுவம், ஓயா. கட்டளைகள் ‘எடுங்கள்’, ‘வாருங்கள்’ என்ற வடிவில் இருக்கவேண்டும் என்பது முதலில் நிறைவேறிய தீர்மானம். கண்டெடுத்ததை லயத்துக்கு லயம் கொடுத்தால்தான் புள்ளி என்பது இரண்டாவது. மூன்றாவதில் இன்னும் இணக்கமில்லை. கட்டளையைக் கேட்ட ‘நான்’, ‘மாட்டேன்’ என்று சொல்லலாமா? சொன்னால் விளையாட்டு நின்றுவிடுமே என்கிறது ஒரு கட்சி. “ஏன் மாட்டேன்னு கேட்டுட்டு அப்புறம் போகலாமே” என்கிறாள் அந்த மாணவி.

இவ்விவாதம் முடியட்டும் என்று நான் அவசரப்படவில்லை. ஆசிரிய நண்பர்கள் தத்தம் வகுப்பிலும் இதனை நடத்திப் பார்க்கவேண்டும். நான்கு அட்டையும் ஒரு பென்சிலும் போதும். புதையலை எங்கு ஒளிப்பது என்பதை மாணவர் விரைவில் தீர்த்துவிடுவார்கள். அதனை எங்கே இறக்குவது, சுமந்தவருக்கு அதில் என்ன பங்கு என்பவற்றை எழுதவே நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.